கீழ்ப்பழனி மலைக் காப்பி: சிறு தோட்டக்காரர்களும் வாங்குவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் என்று திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலை நெடுகக் குடும்பமாகக் காப்பி செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்துக்கொண்டு, பழத்தை அப்படியே எடை போட்டுக் கொடுக்காமல் தாங்களே பதப்படுத்த நினைப்பவர்களுக்காக எழுதியது இது. அந்தக் காப்பியை வாங்கி வறுப்பவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் பயன்படும் பதில்கள் சில நடுவில் வரும்.

"உயரத்தில் விளைந்த காப்பி" என்றால் எத்தனை அடி? உயரத்துக்கும் சுவைக்கும் என்ன தொடர்பு?

நம் பக்கத்தில் 4,000 அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1,200 மீட்டருக்கு மேல் விளைவதை அப்படிச் சொல்லலாம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். குளிர்ச்சியில் காய் மெதுவாகப் பழுக்கும். அரபிகா பூவிலிருந்து பழம் வர 8 முதல் 9 மாதம் எடுக்கும்; மேலே போகப் போக இன்னும் சில வாரம் கூடும். அந்த நாட்களில்தான் கொட்டை இறுகி, அதன் இனிப்பும் புளிப்பும் கூடுகின்றன. ஆனால் உயரம் தருவது வாய்ப்பு மட்டுமே. 5,000 அடியில் விளைந்த பழத்தைப் பச்சையும் சிவப்புமாக உருவி, சாக்கில் கட்டி ஒரு ராத்திரி வைத்துவிட்டால், 3,000 அடியில் கவனமாகச் செய்த காப்பி அதைவிட நன்றாக இருக்கும்.

ஸ்பெஷாலிட்டி காப்பி என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பயிற்சி பெற்ற சுவைஞர்கள் 100க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 80ஓ அதற்கு மேலோ வந்தால் ஸ்பெஷாலிட்டி என்பது உலக அளவில் புழங்கும் கணக்கு. அதற்கு முன் பச்சைக் கொட்டையில் 350 கிராம் எடுத்துக் குறை பார்ப்பார்கள். முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு, பூஞ்சணம் பிடித்தது போன்ற பெருங்குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. நம் ஊரில் பழக்கமான பிளான்டேஷன் ஏ, பி, சி, பிபி (ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டை) என்ற தரப்பெயர்கள் வேறு. அவை கொட்டையின் அளவையும் வடிவத்தையும் சொல்பவை, சுவையைச் சொல்பவை அல்ல. ஏ தரக் கொட்டை 6.65 மி.மீ. சல்லடையில் நிற்கும், பி தரம் 6 மி.மீ. சல்லடையில் நிற்கும். பார்க்கப் பெரிதாக இருப்பதாலேயே ஏ தரம் நல்ல காப்பி ஆகிவிடாது.

எந்த ரகம் நடலாம்?

சுவைக்கு எஸ்.795. 1940களில் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம், இன்றும் கீழே தள்ள முடியாதது. உயரமாக வளரும், நல்ல நிழல் கேட்கும். இலைத்துரு நோயை முன்பு போலத் தாங்குவதில்லை. காவேரி குட்டை ரகம், சீக்கிரம் காய்க்கும், நெருக்கி நடலாம். அதுவும் துரு எதிர்ப்பை இழந்துவிட்டது. தண்டைக் குடையும் தண்டுத்துளைப்பான் வண்டுக்கும் எளிதில் விழும். 2007ல் வந்த சந்திரகிரி குட்டையாகவே இருந்து துருவை நன்றாகத் தாங்குகிறது. புதிதாக நடுபவர் எஸ்.795ஐப் பெரும்பங்கும் சந்திரகிரியைக் கொஞ்சமும் தனித்தனிப் பாத்தியில் வைப்பது நல்லது. கலந்து நட்டால் பழுக்கும் காலம் மாறி எடுப்பில் தொல்லை, சுவையும் கலந்துபோகும். விதையையும் நாற்றையும் தாண்டிக்குடியிலுள்ள காப்பி வாரிய ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பி விதை நாள்பட்டால் முளைக்காது.

ஏக்கருக்கு எத்தனை செடி? எப்போது பலன்?

எஸ்.795 என்றால் 6க்கு 6 அடி, சுமார் 1,200 செடி. குட்டை ரகம் 5க்கு 5 அடி, சுமார் 1,700. ஒன்றரை அடிக் குழியைக் கோடையிலேயே வெட்டி ஆறப்போட்டு, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் போட்டு மூடி, மழை பிடித்தபின் நட வேண்டும். மூன்றாம் நான்காம் வருடம் முதல் காய்ப்பு. ஆறு ஏழு வருடத்தில் முழுப்பலன். முதல் காய்ப்பில் பேராசை வேண்டாம். இளஞ்செடியைக் காய் சுமக்க விட்டால் கிளை நுனி காய்ந்து, அடுத்த இரண்டு வருடம் செடி எழுந்திருக்காது.

நிழல் மரத்தைக் குறைத்தால் காய்ப்பு கூடுமே? ஏன் வைத்திருக்க வேண்டும்?

ஒரு வருடம் கூடும். அடுத்த வருடம் செடி களைத்துப்போகும். வெயில் நேரே அடிக்கும் தண்டைத்தான் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் தேடி வந்து முட்டையிடும். வெயிலில் பழம் வேகமாகப் பழுத்தால் உயரத்தால் கிடைத்த நன்மையும் போய்விடும்.

இரண்டு அடுக்கு நிழல் நம் மலைக்குப் பொருந்தும். கீழடுக்கில் முள்முருங்கை, தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும். மேலடுக்கில் பலா, அத்தி போன்ற நாட்டு மரங்கள், ஓரளவு சில்வர் ஓக். சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றினால் காப்பி விலை விழுந்த வருடத்தில் கை கொடுக்கும். ஆனால் தோட்டம் முழுக்கச் சில்வர் ஓக்காக்குவது தவறு; நிழல் மெலிது, சருகு மக்கத் தாமதம். வாழை, நம் விருப்பாச்சி மலைவாழை உட்பட, இளந்தோட்டத்துக்கு நல்ல தற்காலிக நிழல்.

மழை தொடங்குமுன் கீழடுக்கு மரங்களுக்குக் கவாத்து செய்து வெளிச்சம் விட வேண்டும். மழைக்காலத்தில் இருட்டாக இருந்தால் ஈரம் தங்கிக் கருப்பழுகல் வரும். மழை முடிந்ததும் மரம் தானே தழைத்து, கோடைக்கு மூடிக்கொள்ளும்.

பூ மழை பொய்த்தால் என்ன செய்வது?

மார்ச், ஏப்ரலில் ஒன்று ஒன்றரை அங்குல மழை விழுந்தால் ஒன்பது பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூத்துவிடும். அரை அங்குலம் மட்டும் விழுந்தால்தான் ஆபத்து: மொட்டு பாதி திறந்து கருகும். தண்ணீர் இருப்பவர் உடனே தெளிப்பான் வைத்து மீதியை நிரப்ப வேண்டும். பூத்தபின் இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழையும் தேவை. இல்லையென்றால் பிஞ்சு உதிரும். தண்ணீர் இல்லாதவருக்கு மூடாக்குதான் வழி. சருகைக் கூட்டி எரிக்காமல் செடியடியில் பரப்பி வையுங்கள்.

செடி மஞ்சளித்து வாடுகிறது, தண்டில் வளையம் வளையமாக மேடு தெரிகிறது. மருந்து என்ன?

மருந்து இல்லை. அது வெள்ளைத் தண்டுத்துளைப்பான். புழு தண்டுக்குள்ளே சுரங்கம் போட்டிருக்கிறது. அந்த மேடுதான் அதன் பாதை. அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரிப்பது ஒன்றே வழி. விறகுக்கென்று வீட்டுக் கொல்லையில் அடுக்கினால் அங்கிருந்தே வண்டு பறந்து தோட்டத்துக்குத் திரும்பும்.

வண்டு வெளியே வருவது ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் என இரண்டு காலங்களில். ஆகவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு செடியாகத் தண்டைத் தடவிப் பார்த்து, அடிபட்டதை எடுத்துவிட வேண்டும். மற்ற செடிகளின் தண்டிலும் தடித்த கிளைகளிலும் உரிந்து நிற்கும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்துவிடுங்கள். பட்டை இடுக்கில்தான் முட்டை வைக்கும், வழவழப்பான தண்டில் அதற்கு இடமில்லை. கத்தியால் சுரண்டக் கூடாது, பச்சைப்பட்டை காயமாகும். 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ தெளிப்புச் சுண்ணாம்பைக் கரைத்துச் சிறிது பசை சேர்த்துத் தண்டில் அடிப்பதும் முட்டையிடுவதைக் குறைக்கும். பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப்பலன்.

இலைத்துருவுக்கும் காய்த்துளைப்பானுக்கும்?

துருவுக்குப் போர்டோ கலவை. 200 லிட்டருக்கு 1 கிலோ மயில்துத்தம். சுண்ணாம்பைத் தனியே கரைத்து, இரண்டையும் பிளாஸ்டிக் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். பளிச்சென்று தீட்டிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். அன்றன்றைக்குக் கலந்து அன்றே அடிக்க வேண்டும். இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்தும் வீண், துரு அங்கேதான் இருக்கிறது.

காய்த்துளைப்பான் இந்தியாவில் முதலில் 1990ல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் தென்பட்டது. எடுப்பு முடிந்தபின் செடியிலும் தரையிலும் விட்டுப்போன ஒவ்வொரு பழத்திலும் அது அடுத்த பருவம் வரை உயிரோடிருக்கும். அதனால் பாய் விரித்து எடுங்கள், கடைசியில் தோட்டத்தைத் துடைத்தாற்போல் பொறுக்கிவிடுங்கள். துளையுள்ள காயைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கியபிறகே காய வைக்க வேண்டும்.

எந்தப் பழத்தை எடுப்பது?

முழுக்கச் சிவந்தது, விரலால் நசுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வருவது, காம்பை இழுக்காமலே கையோடு வருவது. காம்படியில் பச்சை வளையம் தெரிந்தால் இன்னும் நாலைந்து நாள் விடுங்கள். சர்க்கரைமானி வைத்திருப்பவர் சாற்றில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். 18க்கு மேல் காட்டினால் நல்ல பழம்.

ஒரே செடிக்கு நான்கிலிருந்து ஆறு முறை போக வேண்டும். முதல் சுற்று அக்டோபர் கடைசியில், நடுச் சுற்றுகள் நவம்பர் முதல் ஜனவரி வரை, உருவி முடிப்பது பிப்ரவரியில். எடுப்பவருக்குக் கிலோக் கணக்கில் கூலி கொடுத்துக்கொண்டே பழுத்ததை மட்டும் எடு என்று சொல்வது நியாயமில்லை. தேர்ந்தெடுத்தால் நாள் எடை ஏறத்தாழப் பாதியாகும். நாட்கூலி கொடுங்கள், அல்லது கிலோவுக்குக் கூட்டிக் கொடுங்கள். நல்ல காப்பிக்கான செலவில் முதல் செலவு இதுதான், இதில் கைவைத்தால் பின்னால் எந்த எந்திரமும் சரிசெய்யாது. காய்ப்பழம் வறுத்தபின் கோப்பையில் வேர்க்கடலைத் தோல் போலத் துவர்க்கும்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பது பொக்கு, துளைப்பான் அடித்தது, காய்ந்தது. அதைத் தனியே காய வைத்து மட்டக் காப்பியாக விற்கலாம்.

பல்ப்பரில் (பழத்தோல் உரிக்கும் எந்திரத்தில்) கொட்டை வெட்டுப்படுகிறது. என்ன காரணம்?

இடைவெளி நெருக்கமாக இருக்கிறது, அல்லது பெரிய பழமும் சிறிய பழமும் கலந்து போகிறது. ஒவ்வொரு நாளும் நூறு பழம் போட்டுப் பாருங்கள். தோல் உரியாமல் பழம் வந்தால் இடைவெளி அதிகம். மேல்தோட்டில் நகக்கீறல் போலக் கோடு தெரிந்தால் இடைவெளி குறைவு. அந்தக் கீறல் வழியாகப் புளிப்பு உள்ளே போய், காய்ந்ததும் பழுப்புத் தழும்பாக நிற்கும். வறுத்தால் அழுகல் வாடை. முதல் சுற்றில் சரியாக இருந்த இடைவெளி, பழம் சிறுத்துவரும் கடைசிச் சுற்றுக்குப் பொருந்தாது. எடுத்த அன்றே, எட்டு மணி நேரத்துக்குள், தோல் உரித்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் பல்ப்பரைக் கழுவி ஒரு கொட்டைகூடத் தங்காமல் பாருங்கள். நேற்றைய ஒரு கொட்டை இன்றைய நூறு கிலோவில் விழுந்தால் அந்தக் கோப்பை முழுவதும் நாறும்.

தோல் உரித்த கொட்டையின் வழுவழுப்புப் போக எத்தனை மணி நேரம் புளிக்க வைக்க வேண்டும்?

கடிகாரம் பார்த்துச் செய்வதில்லை. இரவு 15 டிகிரிக்கு இறங்கும் மார்கழியில் 30, 36 மணி ஆகும். வெதுவெதுப்பான நாளில் 18 மணியிலேயே முடியும். ஒரு பிடி எடுத்துக் கழுவி, இறுக்கித் தேயுங்கள். வழுவழுப்புப் போய், கூழாங்கல் உரசுவதுபோல் நறநறவென்று கேட்டால் சரி. தொட்டிக்குள் குச்சியைக் குத்தி எடுங்கள். குழி மூடாமல் நின்றாலும் அதே அர்த்தம். பத்தாவது மணியிலிருந்து இரண்டு மணிக்கொரு முறை பாருங்கள், ராத்திரியானாலும். காடி வாடை லேசாக வரலாம். வெங்காயம் அழுகினாற்போல் வாடை வந்தால் கடந்துவிட்டது. உடனே மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எப்படிக் காய வைப்பது?

நம் மலையின் பெரிய சிக்கல் இது. குடகில் எடுப்புக்காலம் பெரும்பாலும் வெயில்காலம். நமக்கு வடகிழக்குப் பருவமழையும் எடுப்பும் ஒன்றாக வருகின்றன. நல்ல பழம், நல்ல புளிப்பு எல்லாம் செய்துவிட்டுக் களத்தில் கோட்டை விடுவதுதான் அதிகம்.

முதலில் இடக்கணக்கு. 100 கிலோ பழம் கழுவியபின் சுமார் 50 கிலோ ஈரப் பார்ச்மென்ட், அதாவது மேல்தோட்டோடு உள்ள கொட்டை. ஒன்றேகால் அங்குல கனத்தில் பரப்பினால் அதற்கு இரண்டரை சதுர மீட்டர் வேண்டும். நாளுக்கு 200 கிலோ பழம் எடுப்பவருக்கு நாளுக்கு 5 சதுர மீட்டர். காய 12 நாள் ஆகுமென்றால் 60 சதுர மீட்டர். நான்கு அடி அகலக் கட்டிலில் 50 மீட்டர் நீளம். இந்த இடம் இல்லாமல் பழம் எடுத்தால் குவித்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். குவித்தால் சூடேறும், பூஞ்சணம் வரும். இடத்துக்கேற்றாற்போல் எடுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கட்டில் இடுப்பளவு உயரம், மேலே நைலான் வலை, கீழிருந்தும் காற்று. அதற்கு மேல் வளைந்த குழாயில் கண்ணாடித்தாள் கூரை. இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். மூடிய கூடாரம் பார்க்க நன்றாயிருக்கும், உள்ளே ஆவி அடைத்துக்கொட்டும்.

முதல் நாள் தோல் ஈரம் போக மெல்லியதாகப் பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளறுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் கொட்டை உள்ளே வெளுத்திருக்கும். இந்தக் கட்டத்தில் உச்சிவெயில் பட்டால் மேல்தோடு படபடவென்று வெடிக்கும். வெடித்த கொட்டை சேமிப்பில் வெளிறிப்போகும்; ஆகவே 11 மணியிலிருந்து 3 மணிவரை நிழல்வலை போடுங்கள். பிறகு தோட்டை உரித்துப் பார்த்தால் கொட்டை கறுத்து மெத்தென்றிருக்கும். இப்போது வெயில் எவ்வளவு இருந்தாலும் தாங்கும். கடைசியில் நீலச்சாம்பல் கலந்த பச்சை நிறத்துக்கு வந்து, பல்லால் கடித்தால் நசுங்காமல் லேசாகத் தடம் மட்டும் விழும். ஈரமானியில் 10.5 முதல் 11.5 விழுக்காடு. மானி இல்லாவிட்டால் ஒரே படியில் தலைதட்டி அளந்து எடை போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாவிட்டால் காய்ந்தது.

மாலை 4 மணிக்கே கூட்டி மூடிவிடுங்கள். முதலில் சணல் சாக்கு, மேலே தார்ப்பாய். தார்ப்பாய் நேரே கொட்டைமேல் பட்டால் வியர்த்து ஒழுகும். மூன்று நாள் வெயிலே இல்லையென்றால் குவிக்காதீர்கள். பாதி கனத்துக்குப் பரப்பி மின்விசிறி வையுங்கள். சூடேற்றும் உலர்த்தி வைத்திருப்பவர் கொட்டையின் சூடு 40 டிகிரியைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். அவசரத்தில் 60 டிகிரியில் காய வைத்த காப்பி வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். இரண்டே மாதத்தில் சாக்குப்பை வாடை அடிக்கும்.

வாஷ்டு, ஹனி, நேச்சுரல் — எதைச் செய்யலாம்?

மழை இருக்கும் நவம்பர், டிசம்பரில், மேலே சொன்னபடி புளிக்கவைத்துக் கழுவும் வாஷ்டு மட்டும். பழத்தைத் தோலோடு காய வைக்கும் நேச்சுரலுக்கு 20 முதல் 25 நாள் ஆகும். வெயில் நிலைத்த ஜனவரிக்குப் பிறகு செய்யுங்கள். முதல் வாரம் பழம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காக இருக்க வேண்டும். கொழகொழப்போடு காய வைக்கும் ஹனியை, ஒரு மணிக்கொரு முறை கிளற ஆள் இருந்தால் மட்டும் தொடுங்கள். வாஷ்டு காப்பியைக் குறையில்லாமல் மூன்று பருவம் செய்தவர் மற்றவற்றுக்குப் போவது நல்லது.

பல்ப்பர் தண்ணீரை ஓடையில் விடலாமா?

கூடாது. புளித்த அந்தத் தண்ணீர் ஓடையின் உயிர்க்காற்றை உறிஞ்சிவிடும். கீழே உள்ள ஊர்கள் குடிப்பதும் அதே தண்ணீர்தான். ஒரே நாளில் தோல் உரிக்கும் தண்ணீரை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துங்கள். பிறகு ஓடையிலிருந்து விலகிய குழியில் தேக்கிச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை மாற்றுங்கள். பழத்தோல் எடையில் பழத்தின் ஐந்தில் இரண்டு பங்கு. சாணத்தோடு அடுக்கி மக்கவைத்தால் அடுத்த வருட உரம்.

எங்கே, எப்படிச் சேமிப்பது?

தோட்டோடு, அதாவது பார்ச்மென்ட்டாகவே. தோடு அதற்குச் சட்டை மாதிரி. விற்கும் நேரத்தில்தான் உடைக்க வேண்டும். தரையிலிருந்து அரை அடி உயரப் பலகை, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. காற்றுப் புகாத உள்பை போட்டால் மழைக்கால ஈரம் ஏறாது. அதே அறையில் மிளகு, ஆரஞ்சு, உரம், மண்ணெண்ணெய் வேண்டாம். காப்பிக் கொட்டை எந்த வாடையையும் குடித்துவிடும். காய்ந்ததும் ஆறு வாரமாவது ஆறப்போட்டால் சுவையின் பச்சைவாடை அடங்கும்.

ஒரு கிலோ வறுத்த கொட்டைக்கு எத்தனை கிலோ பழம்? விலை ஏன் இவ்வளவு?

100 கிலோ பழம் சுமார் 20 கிலோ பார்ச்மென்ட், தோடு உடைத்தால் 16 கிலோ பச்சைக் கொட்டை. பொறுக்கி எடுத்துக் குறை நீக்கினால் 14. வறுக்கும்போது எடையில் 15 விழுக்காடு ஆவியாகும். மிஞ்சுவது 12 கிலோ. ஆக ஒரு கிலோவுக்கு எட்டு கிலோவுக்கு மேல் பழம், அதுவும் ஒவ்வொன்றாக எடுத்தது. தோட்டக்காரர் இந்தக் கணக்கை வைத்தே, பழமாக விற்றால் கிடைக்கும் தொகையோடு ஒப்பிட்டு விலை சொல்ல வேண்டும்.

ஃபில்டர் காப்பிக்கு இது சரிப்படுமா?

நன்றாகவே. நடுத்தர வறுவலாக வாங்கி, சிக்கரி இல்லாமல், 20 கிராம் தூளுக்கு 120 மில்லி தண்ணீர். தளதளவென்று கொதித்ததை இறக்கி அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். டிகாஷன் சிக்கரி போட்டதுபோல் கறுப்பாக இருக்காது. பால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

எங்கள் காப்பியின் சுவையை நாங்களே சோதிக்க முடியுமா?

முடியும், செய்தே ஆக வேண்டும். லேசாக வறுத்து ஒரு நாள் வைத்து, 8.25 கிராமைக் கொரகொரப்பாக அரைத்து, 93 டிகிரித் தண்ணீர் 150 மில்லி ஊற்றுங்கள். நான்கு நிமிடத்தில் மேலே கட்டிய ஏட்டைக் கரண்டியால் உடைத்து மோந்து, ஆறியபின் உறிஞ்சிக் குடியுங்கள். ஒரே காப்பியை ஐந்து கோப்பையில் வையுங்கள். ஐந்தில் ஒன்று மட்டும் நாறினால் ஒரு கெட்ட கொட்டை. ஐந்துமே மந்தமாக இருந்தால் களத்தில் தவறு. வெளி மதிப்பீட்டுக்குக் காப்பி வாரியத்தின் பெங்களூரு ஆய்வகம் இருக்கிறது.

முதல் முறை செய்கிறோம். எவ்வளவில் தொடங்கலாம்?

தோட்டம் முழுவதையும் பணயம் வைக்காதீர்கள். விளைந்ததைக் காப்பி வாரியத்திடமே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத் தொகுப்பு முறை 1996ல் முற்றிலும் நீங்கியதிலிருந்து யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். எனவே பெரும்பகுதியை வழக்கம்போல் பட்டிவீரன்பட்டி வியாபாரிக்கே கொடுங்கள். நல்ல உயரத்திலுள்ள ஒரு பாத்தியில், நடுச் சுற்றில், ஒரே நாளில் எடுத்த 200 கிலோ பழத்தை மட்டும் இப்படிச் செய்யுங்கள். 30 கிலோ பச்சைக் கொட்டைக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வரும். மூட்டையில் ஒரு அட்டை கட்டி, பாத்தி, ரகம், எடுத்த தேதி, புளித்த மணி, காய்ந்த நாள், கடைசி ஈரம் ஆறையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.